நாலாம் ஆளின் பங்கு

இயேசு மரி சூசை துணை

மாம்புரி
05.12.2024

அன்பு மகள் யூஜினிக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய கிருபையால் நானும் அம்மாவும் இங்கே சுகம், அம்மாவின் முழங்கால் நோவையும் என்னுடைய வாயையும் தவிர வீட்டில் வேறு வருத்தம் கிடையாது, நீயும் அங்கே தேக சுகத்தோடு இருக்கவேண்டும் என்று செபமாலை முடிய உனக்கென்று ஒரு அருள்நிறை மரியே கூடுதலாகச் சொல்லித்தான் எழும்புகிறோம். குவைத்தில் இப்போது குளிர் தொடங்கிவிட்டது என்று அங்கேயிருந்து லீவில் வந்து நிற்கிற றோசமேரி சொன்னாள், காலுக்கு மேசு போட்டுக்கொண்டு படு. அவளுக்கு லீவு முடிந்து வருகிற பதினொன்றாம் திகதி திரும்பிப் போகிறாளாம், இந்தக் கடிதத்தை அவள் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன், ஒன்றும் பிரித்துப் பார்க்கமாட்டாள், பார்த்தாலும் பரவாயில்லை, ஊரே ஒலிபெருக்கியில் கேட்ட கதைதான் இது. போன் இருக்கும்போது இந்த மனுசன் என்னத்துக்குக் கடிதம் எழுதுகிறார் என்று நீ யோசிப்பாய். போன வியாழக்கிழமை நீ எடுத்தபோது, மார்ச் மாதத்தோடு வீட்டு வேலை ஒப்பந்தம் முடிகிறது, நத்தார்ப் பண்டிகை கழிந்ததும் வீட்டுக்கார அம்மா புதுத் தாளைக் கொண்டுவந்து வைப்பா, இன்னும் இரண்டு வருசத்துக்குச் சைன் வைக்கவா வேண்டாமா, ஒரு சொல் சொல்லுங்கம்மா என்று கேட்டாய் அல்லவா. அம்மா போனை என் கையில் தந்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டா. நானும் இருமினேன், லைன் சரியில்லை பிள்ளை என்று சொல்லிக் கட் பண்ணினேன். லைன் நல்லாத்தான் இருந்தது மகள். பதில்தான் வரவில்லை. போனில் நான் பேசத் தொடங்கினால் இரண்டாவது வசனத்தில் நீ குறுக்கே விழுவாய், மூன்றாவது வசனத்தில் நான் அழுவேன், காசும் ஓடும், அதுதான் பேனையை எடுத்தேன். அம்மா பளீலா ராத்தாவின் வெங்காயத் தோட்டத்துக்குப் புல்லுப் பிடுங்கப் போயிருக்கிறா, பின்னேரம்தான் வருவா, அதற்குள் எழுதி முடித்துவிடவேண்டும்.

உனக்குத் தெரியாத கதை ஒன்று இருக்கிறது, அதை முதலிலிருந்து சொல்லாவிட்டால் விளங்காது. போன வருசம் கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அம்மா பழைய கலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எங்கள் கடன் எல்லாவற்றையும் எழுதினா. எஞ்சினுக்கு லீசிங் இன்னும் பதினாலு தவணை, ஒன்று இருபத்தேழாயிரத்து எண்ணூறு. எங்கள் மீனை எடுக்கிற கூலர் லொறி முதலாளிக்கு நாலு இலட்சம். அம்மாவின் பேரில் எடுத்த வாராந்தக் குழுக்கடன் தொண்ணூறாயிரம். நான் கூட்டிப் பார்க்கவேண்டாம் என்று சொன்னேன். தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்ன என்றுதானே நான் எப்பவும் சொல்வது. அதுக்கு அம்மா, சாணையும் முழத்தையும் பாக்காததாலதான் தலைக்கு மேல வந்தது, இரிங்க இந்தக் கதிரையில என்று சொன்னா. இருந்தேன். கூட்டினால் எட்டு இலட்சத்து எழுபத்தொன்பதாயிரத்து இருநூறு. அதுக்குப் பிறகு அம்மா இன்னொரு தாளை எடுத்து நீ அதுவரைக்கும் அனுப்பிய காசை எழுதினா. அது இருபத்தொரு இலட்சத்துக்கு மேல். அந்தத் தொகையை முன்னால் வைத்துக்கொண்டு நான் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன் மகள். ஒரு புதுக் கல்லு இல்லை, ஒரு புது ஓடு இல்லை, நீ போகும்போது இருந்த அதே அலுமாரி, அதே ஒடிந்த கதவு. நீ மற்றவர்களின் பிள்ளைகளைக் குளிப்பாட்டி அனுப்பின காசில் பாதியை நாங்கள் வட்டியாகத் தின்றிருக்கிறோம், மீதியைச் சோறாகத் தின்றிருக்கிறோம். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

அம்மா அதற்கு முன்னமும் ஒருதரம் கணக்கு வைத்துப் பார்த்தவதான். குழுக்கடன் கூட்டத்தில் ஒரு பிள்ளை வந்து மாத வரவு இவ்வளவு, அரிசிக்கு இவ்வளவு, கரண்டுக்கு இவ்வளவு என்று கட்டம் போட்டுக் காட்டிக் கொடுத்தது. நல்ல பிள்ளை, பாவம், சம்பளத்துக்கு வேலை செய்கிற பிள்ளை. கடல் மாதச் சம்பளம் தருமா? ஒரு கிழமை அறுக்குளா மீன் மாட்டி எழுபதாயிரம் வரும், அடுத்த கிழமை எண்ணெய்க் காசும் தேறாது, கச்சான் காற்று எழும்பினால் மூன்று மாதம் போட் மணலில் குப்புறக் கிடக்கும். காசு வந்த கிழமை நாங்கள் ராசா ராணி, கோழி என்ன கொத்து ரொட்டி என்ன, வராத கிழமை லீசிங்கைக் கட்டக் குழுவில் எடுப்பது, குழுவுக்குக் கட்ட முதலாளியிடம் எடுப்பது. இதுதான் எங்கள் பட்ஜெட். அன்றைக்கு அந்தக் கடன் தாளை முன்னால் வைத்துக்கொண்டு அம்மா, உங்கட போட்டில பங்கு எப்படிப் பிரிக்கிறீங்க என்று கேட்டா. முப்பத்திரண்டு வருசமாக என்னோடு குடித்தனம் நடத்துகிறவ தெரியாமலா கேட்கிறா என்று நினைத்தேன். எண்ணெயும் ஐஸும் கழித்து மிச்சத்தில் பாதி போட்டுக்கும் வலைக்கும், மற்றப் பாதி ஆட்களுக்கு, நான், இராசையா அண்ணன், டிலக்ஷன், மூன்று பேருக்கும் தலைக்கு ஒரு பங்கு என்று சொன்னேன். நல்லது, நாளையில இருந்து நாலாவதா ஒரு ஆள ஏத்துங்க என்றா. ஆரை என்றேன். கடனை என்றா.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அம்மா விளங்கப்படுத்தினா. கடனும் எங்களோடு கடலுக்கு வருகிற ஒரு ஆள். கரைக்கு வந்து தராசு முடிந்ததும் இராசையா அண்ணனுக்கு எவ்வளவு கொடுக்கிறோமோ அதே அளவு அவனுக்கும் கொடுக்கவேண்டும், அவர்களின் பங்கில் இருந்து இல்லை, போட்டுக்கு வருகிற எங்கள் பாதியில் இருந்து. நாலாயிரம் கிடைத்தால் அவனுக்கும் நாலாயிரம், ஐந்நூறு கிடைத்தால் ஐந்நூறு, வெறும் வலை என்றால் அவனும் பட்டினி, அன்றைக்கு அவனுக்காக வேறு ஒருவரிடம் கைநீட்டுவதில்லை. மகள், நான் ஐந்தாம் வகுப்போடு போட்டில் ஏறினவன், எனக்குக் கட்டம் போட்டால் விளங்காது, ஆனால் பங்கு என்றால் விளங்கும். பங்கில் கள்ளம் செய்தவன் என்று இந்தக் கரையில் ஒருவன் என்னைப் பார்த்துச் சொன்னதில்லை. மறுநாளே கரையில் நாலு குவியலாகக் காசை வைத்தேன். டிலக்ஷன் பயல் சிரி சிரியென்று சிரித்தான். அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் பகிடிதான், அண்ணே உங்கட நாலாம் ஆள் இண்டைக்கு வலை இழுக்கேல்ல, அண்ணே அவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளேல்லையோ வாந்தி எடுக்கிறார் என்று. இராசையா அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை, அடுத்த கிழமை தன் வீட்டிலும் ஒரு குவியல் வைத்தார்.

வீட்டுச் செலவையும் அம்மா பிடியாய்ப் பிடித்தா. கடைப் பாண் நின்றது, வீட்டு ரொட்டி வந்தது. காஸ் சிலிண்டர் மூலைக்குப் போனது, தென்னம்பாளையும் சிரட்டையும் அடுப்புக்கு வந்தன. போனுக்கு டேட்டா இல்லை, அதனால்தான் உன் முகத்தைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்கிறோம், நீ என்னவோ அப்பாவுக்கு வீடியோ போடத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். எனக்கு வெற்றிலை நாளுக்கு நாலு, லொத்தர் சீட்டு முற்றாகத் தடை. கொப்பியில் அம்மா வரவு, செலவு என்று இரண்டு கோடு கீறி, மூன்றாவதாக களவு என்றும் ஒரு கோடு கீறி வைத்திருக்கிறா. அது எனக்காகவே கீறினது. ஒரு நாள் நுரைச்சோலைச் சந்தியில் நண்டுக் கொத்து ரொட்டி ஒன்று சாப்பிட்டுவிட்டு வாயைக் கழுவி, வெற்றிலையும் போட்டுக்கொண்டுதான் வந்தேன், வாசற்படியில் கால் வைக்கவில்லை, கையை மணந்து பார்த்துவிட்டு எழுதினா, அன்ரனிப்பிள்ளை, களவு, 900 என்று. வந்து பார், அந்தக் கோட்டில் என் பேர் பதினேழு இடத்தில் இருக்கிறது, பதினெட்டு என்பா அவ, ஒன்றில் நான் இன்னும் வழக்காடுகிறேன்.

இப்போது என் பாவசங்கீர்த்தனத்துக்கு வருகிறேன். நாலாம் ஆளின் காசை நுரைச்சோலைத் தபால்கந்தோரில் போடுகிறேன் என்று அம்மா எனக்குச் சொல்லியிருந்தா. உண்மையில் போடவில்லை, பெரிய பால்மா டின் ஒன்றில் போட்டு அந்தோனியார் சுரூபத்துக்குக் கீழே வைத்திருந்தா. நான் ஒரு நாள் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இதென்ன பாரமாக இருக்கிறது என்று கேட்க, அது யூஜினி சுகமாக வந்து சேரவேணும் எண்டு அந்தோனியாருக்கு வச்ச நேர்த்திக்காசு, தொட்டா கை விளங்காது என்று சொல்லிவிட்டா. மனுசி என்னை நல்லாய்த் தெரிந்துதான் சொன்னா. வீட்டில் வேறு எங்கே ஒளித்தாலும் நான் எடுத்துவிடுவேன், புனிதரின் காசைத் தொடமாட்டேன். அதுவும் உன் பேரைச் சொல்லி வைத்த காசு. போகவர அந்த டின்னைப் பார்த்து நான் சிலுவை போட்டுக்கொள்வேன், என் வெற்றிலைக் காசிலும் சில நாள் ஐம்பது நூறு அதற்குள் போட்டிருக்கிறேன். இந்த ஆனியில் திருநாள் வந்தது. திருநாளுக்கு முந்தின நாள் பின்னேரம் அம்மா காய்ச்சலில் அனுங்கிக்கொண்டு கிடக்கிறா, கோயிலில் காணிக்கை எழுதுகிறார்கள், ஒவ்வொரு வீடும் போய்க் கொடுக்கிறது. நான் பார்த்தேன். என் பிள்ளைக்கு வைத்த நேர்த்தி, திருநாள் தவறினால் இன்னும் ஒரு வருசம் நிற்கவேண்டுமே, பாவம் அவவை எழுப்புவானேன் என்று குளித்து வெள்ளைச் சட்டை போட்டு, டின்னை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு போய்த் திருநாள் சபையின் மேசையில் அப்படியே கவிழ்த்தேன். எண்ணினார்கள். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். எனக்கும் இவ்வளவு இருக்கும் என்று தெரியாது, ஆனால் தெரிந்த மாதிரி நிமிர்ந்து நின்றேன். ஒலிபெருக்கியில் சொன்னார்கள், அன்ரனிப்பிள்ளை குடும்பத்தின் காணிக்கை எண்பத்துமூவாயிரத்து நானூறு ரூபா, அந்தோனியார் அவர்களை ஆசீர்வதிப்பாராக என்று, இரண்டு தரம் சொன்னார்கள்.

அந்தச் சத்தம் கடற்கரை வரைக்கும் கேட்டது, எங்கள் வீட்டுக்குக் கேட்காதா. அம்மா காய்ச்சலோடு எழும்பி, தலையும் கட்டாமல் ரோட்டுக்கு வந்துவிட்டா. நான் வெற்றுடின்னைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தபடி வருகிறேன். அவ ஏசுவா என்று பார்த்தால் ஏசவில்லை, அப்படியே வேலியைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டா. என்ர மாதாவே, எஞ்சின் போச்சே என்று மட்டும் சொன்னா. பிறகுதான் எனக்கு விளங்கியது. ஆனி, ஆடி, ஆவணி, கச்சான் காற்றில் கடல் இல்லாத மூன்று மாதத்துக்கும் லீசிங் கட்டவென்று ஒரு ரூபா பிசகாமல் சேர்த்து வைத்த மூன்று தவணை அது. நான் எத்தனையோ தரம் காசை நாசமாக்கியிருக்கிறேன், குடித்து, சூது போட்டு, ஆட்களுக்கு வீண் கைமாற்றுக் கொடுத்து. அதுக்கெல்லாம் இவ்வளவு வேதனைப்படவில்லை. நல்லது செய்கிறேன் என்று குளித்துவிட்டுப் போய்ச் செய்தேனே, அதுதான் தாங்கமுடியவில்லை. அடுத்த நாள் காலையில் முதலாளி வந்து நின்றான். புனிதருக்கு எண்பதாயிரம் கொட்டுறவனுக்கு என்ர நாலு லட்சத்தில ஒரு லட்சம் தர ஏலாதோ, மாசக் கடைசிக்குள்ள காசு வரோணும், இல்லாட்டி வலை எனக்கு என்று வாசலில் நின்று சொன்னான். அவனில் பிழை சொல்ல முடியாது, அவனும் ஒலிபெருக்கியைக் கேட்டவன்தானே.

இந்த நேரத்தில்தான் நீ போன் எடுத்தாய், மோட்டார்சைக்கிள் எங்கே சத்தத்தைக் காணவில்லை என்று கேட்டாய், கராச்சில் நிற்கிறது என்று அம்மா சொன்னா. கராச்சில் இல்லை, விற்றாயிற்று. ஒரு இலட்சத்து அறுபத்தையாயிரம். மூன்று தவணையும் கட்டி மிச்சம் எண்பத்தோராயிரத்து அறுநூறையும் முதலாளியின் கையில் கொண்டுபோய்க் கொடுத்து வலையைக் காப்பாற்றினோம். விற்கச் சொன்னது நான்தான், அதை மட்டும் கொஞ்சம் பெருமையாகச் சொல்ல விடு. அம்மா அதோடு நிற்கவில்லை. காய்ச்சல் விட்ட அன்றே கோயில் பங்குச் சாமியிடம் போகப்போகிறேன் என்று வெளிக்கிட்டா. நான் காலில் விழாத குறை. அந்தோனியாருக்குப் போட்ட காசைத் திருப்பிக் கேட்டால் ஊர் சிரிக்கும், நான் கடலில் குதிக்கிறேன் என்று சொன்னேன். குதிக்கிறதெண்டா குதிங்க, நீந்தத் தெரிஞ்ச ஆள் செத்ததா நான் கேள்விப்படேல்ல என்று சொல்லிவிட்டுப் போனா. சாமி கதையைக் கேட்டு முதலில் சிரித்தாராம், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம், கொடுத்த காணிக்கையை எப்படிப் பிள்ளை திருப்பித் தருவது என்றாராம். அதுக்கு அம்மா, சாமி அது எங்கட காசு இல்ல, இன்னொருத்தனுக்குக் குடுக்கவேண்டிய காசு, அடுத்தவன்ர காசைக் கொண்டுவந்து போட்டா அது காணிக்கையா, களவுப் பொருளை அந்தோனியார் வச்சிருப்பாரா, துலைஞ்ச சாமானைக் கண்டுபிடிச்சுக் குடுக்கிறவர் எல்லோ அவர் என்று கேட்டாவாம். சாமி கண்ணாடியைத் திரும்பப் போட்டாராம். பிறகு, நீ சொல்லுறது சரி, ஆனா காசு லைற்றுக்காரனுக்கும் பாண்டு வாத்தியத்துக்கும் போயிட்டுதே என்றாராம். கடைசியில் திருநாள் சபையைக் கூட்டி, முணுமுணுத்தவர்களையும் அடக்கி, மாதம் பத்தாயிரமாகத் திருப்பித் தருவது என்று முடிவாயிற்று. ஆகவே மகள், இந்த மாவட்டத்திலேயே புனித அந்தோனியார் தவணைக்குக் கடன் கட்டுகிற ஒரே வீடு நம்முடைய வீடுதான். ஒவ்வொரு மாதமும் முதலாம் ஞாயிறு பூசை முடிய கோயில் மூப்பர் கடித உறையில் போட்டுக் கொண்டுவந்து தருகிறார். இதுவரைக்கும் ஆறு தவணை, ஒரு நாள் பிந்தியதில்லை. என்னைவிட நல்ல கடன்காரர் அவர்.

ஊர் சிரிக்கத்தான் செய்தது. சந்தியில் நான் போனால், டின்னைக் கவனமாப் பிடியுங்கோ என்பார்கள். ஒரு மாதம் சிரித்தார்கள், பிறகு அலுத்துவிட்டது. சிரிப்பால் கடன் கூடவும் இல்லை குறையவும் இல்லை, இதை நான் ஐம்பத்தெட்டு வயதில் படித்தேன். ஆவணியில் அம்மா அதே கலண்டர் தாளை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனா, நான் பின்னால் போனேன், முன்னால் போகிற துணிவு எனக்கு இல்லை. கடன் பட்டவர்கள் என்று அவன் எங்கள் மீனுக்குக் கிலோவுக்கு அறுபது ரூபா குறைத்துத்தானே எடுப்பான். அம்மா இரண்டு வருசத்து நிறுவைத் துண்டெல்லாம் கட்டி வைத்திருந்தா, எனக்கே தெரியாது. அதை மேசையில் வைத்து, இதையும் வட்டிக் கணக்கில சேத்துப் பாருங்க முதலாளி, பாத்திட்டு நீங்களே ஒரு நியாயத்தச் சொல்லுங்க என்றா. அவன் அந்தத் துண்டுகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். கடைசியில், கிழமைக்குக் கிழமை உங்கட நாலாம் ஆள்ர பங்கு பிந்தாம வந்தா விலையில நான் கை வைக்கமாட்டன் என்றான். கெட்டவன் இல்லை மகள், கணக்குப் பார்க்காதவனிடம் கணக்குப் பார்க்கிறவன் இலாபம் எடுப்பான், அவ்வளவுதான். புரட்டாதியில் கடல் திறந்த பிறகு முதல் தரமாக மற்றவர்களின் விலைக்கு என் பாரை மீனும் நிறுக்கப்பட்டது. நான் தராசுக்குப் பக்கத்தில் நின்று மூக்கைச் சீறினேன், டிலக்ஷன் உப்புக்காத்து அண்ணே என்று சொல்லிக் காப்பாற்றினான்.

இந்த இடத்தில் எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா வந்துவிட்டா. வெயில் கூட என்று பளீலா ராத்தா வெள்ளனவே விட்டுவிட்டாவாம், போற வழிக்கு இரண்டு கிலோ வெங்காயமும் கட்டிக் கொடுத்து, ஒங்கட மனுசன் இப்ப ஒழுங்கா ஈக்கிறாரா என்றும் விசாரித்தாவாம். தாளை ஒளிக்க நேரம் கிடைக்கவில்லை. நின்றபடியே முழுவதும் வாசித்தா. ஏசுவா என்று தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். இருபத்தொரு இலட்சத்துக்கு மேல எண்டு என்ன எழுத்து இது, இருபத்தொரு இலட்சத்து எண்பத்தையாயிரம் எண்டு சரியா எழுதுங்க, அது என்ர பிள்ளை உழைச்ச காசு என்று மட்டும் சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனா. ஆகவே திருத்திக்கொள், இருபத்தொரு இலட்சத்து எண்பத்தையாயிரம்.

இனி நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். இன்றைய கணக்கு இது, அம்மா பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதுகிறேன், இதில் என் புளுகு ஒன்றும் இல்லை. குழுக்கடன் புரட்டாதியோடு முடிந்தது, அம்மா வெங்காயக் கூலியிலேயே முடித்தா. எஞ்சினுக்குக் கடைசித் தவணை இந்த மாதம் இருபத்தேழாம் திகதி, காசு வேறொரு டின்னில் இருக்கிறது, இந்தமுறை டின் சுரூபத்துக்குக் கீழே இல்லை, எங்கே என்று எனக்குச் சொல்லவும் இல்லை. முதலாளிக்கு மிச்சம் ஒரு இலட்சத்துத் தொண்ணூறாயிரம். அந்தோனியார் தரவேண்டியது இன்னும் இருபத்துமூவாயிரத்து நானூறு, தையிலும் மாசியிலும் பத்துப் பத்து, பங்குனியில் மூவாயிரத்து நானூறோடு அவர் முடித்துவிடுவார். மற்றது நாலாம் ஆளின் பங்கு. போன வருசக் கடல் மாதிரித் தந்தாலே உயிர்த்த ஞாயிறுக்குள் முடியும், குறைத்துத் தந்தால் கச்சானுக்கு முன் முடியும், தராவிட்டாலும் அடுத்த ஐப்பசிக்குள் முடிப்போம், அவ்வளவுதான் வித்தியாசம். இனிக் கட்டவேண்டிய இந்தக் கணக்கு எதிலும் உன் காசைச் சேர்க்கவில்லை. தை மாதத்திலிருந்து எங்களுக்கு ஒரு சதமும் அனுப்பாதே, அனுப்பினால் அம்மா அதை எடுக்கமாட்டா, கோபம் வேறு வரும். நீ உழைப்பதை உன் கையில் வைத்துக்கொண்டு வா.

மகள், நீ இரண்டு வருசம் என்று சொல்லிப் போனவள். முதல் தரம் திரும்பவும் சைன் வைத்தது அப்பா எஞ்சின் எடுத்ததுக்காக. இரண்டாம் தரம் வைத்தது மண்ணெண்ணெய் இல்லாமல் போட்டெல்லாம் கரையில் கிடந்த காலத்துக் கடனுக்காக. இரண்டு தரமும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, உன் விருப்பம் பிள்ளை என்று சொன்னேன். அது பெரிய கள்ளம். நீ ஓம் என்று சொல்லவேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டே உன் விருப்பம் என்று சொன்னேன். கொப்பியின் மூன்றாவது கோட்டில் எழுதவேண்டிய களவு அதுதான். உனக்கு முப்பத்தொரு வயது ஆகப்போகிறது என்று றோசமேரி சொல்லித்தான் எனக்கு நினைவு வந்தது, என் கண்ணுக்கு நீ இன்னும் கட்டுநாயக்கா ஏர்போட்டில் பெட்டியை இழுத்துக்கொண்டு திரும்பிப் பாராமல் போன அதே பிள்ளை. வந்து என்ன செய்வேன் என்று கேட்பாய். ஒரு கிழமை நித்திரை கொள். அதுக்குப் பிறகு தையல் மெசின் வாங்குவாயோ, கலியாணம் கட்டுவாயோ, வேறு தேசம் போவாயோ, அது உன்னுடைய யோசனை, உன்னுடைய கடனுக்கு நீ போ, எங்களுடைய கடனுக்கு இனிப் போகவேண்டாம். போன கிழமை முதலாளியிடம் பங்கு கொடுக்கப் போனபோது அந்தக் கடன் தாளை எடுத்துக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். கீழே இரண்டு கையெழுத்துத்தான் இருக்கிறது. ஒன்று என்னுடையது, மற்றது அம்மாவுடையது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன், உன் பேர் எங்கேயும் இல்லை.

றோசமேரியிடம் பாரைக் கருவாடும் இறால் சம்பலும் கொடுத்துவிடுகிறேன், சம்பல் இருப்பது நான் கோயிலில் கவிழ்த்த அதே டின்னில்தான், எறிந்துவிடாதே, வரும்போது கொண்டுவா, அம்மாவுக்கு அது வேணுமாம். நத்தாருக்கு எங்களுக்கு உடுப்பு ஒன்றும் அனுப்பக்கூடாது, இருக்கிறதைத் தோய்த்துப் போடுவோம், பாலன் குடிலை அம்மா வழமைபோலக் கட்டுவா. நேரத்துக்குச் சாப்பிடு, வீட்டுக்கார அம்மாவோடு சண்டை பிடிக்காமல் நல்ல வார்த்தை சொல்லி மார்ச் கணக்கை முடித்து, பாஸ்போட்டைக் கையில் வாங்கிக்கொள், அதை மறந்துவிடாதே. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றுவா, அந்தோனியாரும் பார்த்துக்கொள்வார், அவருக்கு இப்போது எங்களோடு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது.

முதலாளியின் தாளில் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் கையெழுத்து வைத்தோம். அதனால் இந்தத் தாளிலும் இரண்டு பேரும் வைக்கவேண்டும் என்று பேனையை அம்மாவிடம் நீட்டினேன். கை ஈரம் என்று முதலில் சொன்னா, பிறகு சீலையில் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினா. போனில் சொல்லாத பதிலை அவ தன் கையாலேயே எழுதுகிறா.

இப்படிக்கு,
உன் அப்பா,
சூ. அன்ரனிப்பிள்ளை

சைன் வைக்காதே மகள். வா.
அம்மா